சிவப்பு மையில் அடித்த எண்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பீங்கான் துண்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம் இருக்கும். வெளிப்பக்கம் பாதி பழுப்பு, பாதி வெள்ளை. உள்பக்கத்தில் எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் போகாத மஞ்சள் கறை. ஊறுகாய் ஜாடியின் துண்டு அது. என் மருமகள் இரண்டு தடவை அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். இரண்டு தடவையும் நான் எடுத்துக் கழுவித் திரும்ப வைத்தேன். இப்போது அவள் அதைத் தொடுவதில்லை, எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. கோரிப்பாளையம் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நான் லேப் டெக்னீஷியனாகப் பல வருஷம் வேலை பார்த்தேன். அதை நடத்திய பெரிய டாக்டர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறதாம். அவருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். எழுதியவர் அவருடைய மகன், அவரும் டாக்டர்தான். "அப்பாவிடம் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களில் நீங்கள்தான் மிச்சம். இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள். முக்கியமாக அந்தக் கணக்கு டீச்சர் கேஸைப் பற்றி எழுதுங்கள். அப்படிப்பட்ட அபூர்வமான ரத்தக் கொதிப்பை நம் ஊரில் முதலில் கண்டுபிடித்தது அப்பா என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டும்" என்று இருந்தது. செத்துப்போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்பார்கள். நான்கு நாள் யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு அப்போது முப்பது வயது. நர்சிங் ஹோமில் எல்லாரும் என்னை லேப் அம்மா என்பார்கள். பெரிய டாக்டர் மட்டும் "ஏம்மா லேப்பு" என்பார். ஒன்பது வருஷம் அவர் முன்னால் நின்றிருக்கிறேன், என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. காலையில் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் இரண்டு மணிவரை எழுந்திருக்க மாட்டார். அறுபது, எழுபது பேரைப் பார்ப்பார். பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்து, வந்தவர் உட்கார்ந்த நாற்காலியின் சூடு ஏறுவதற்குள் சீட்டு எழுதிவிடுவார். ரத்தக் கொதிப்பு என்று வந்த எல்லாருக்கும் ஒரே சீட்டு. உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிற ஒரு வெள்ளை மாத்திரை, அதோடு ஒரே கேள்வி: "வீட்டுல எத்தன ஊறுகா ஜாடி வச்சிருக்கீங்க?" பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த வாக்கியம் மாறாது. "எல்லாத்தையும் ஒடச்சுட்டு வாங்க." வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதற்காகத்தான் அவர் அதைச் சத்தமாகச் சொல்வார்.

மாத்திரை பலருக்கும் வேலை செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். தர்கா பக்கம் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வருவார். தடித்த உடம்பு, கழுத்தே தெரியாது. முதல் நாள் பாதரசம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டாள். ஆறு வாரத்தில் அவருக்குப் படிப்படியாக இறங்கிவிட்டது. என்னிடம் ரத்தம் கொடுக்க வந்தபோது குனிந்து, "டாக்டர்ட்ட சொல்லிராதம்மா. தெனமும் பிரியாணித் தேக்சாவுல உப்பு ருசி பாக்கேன், கூடவே ரெண்டு கரண்டி உள்ள போகுது" என்றார். உப்பைத் தின்றுகொண்டே அவருக்கு இறங்கியது. அவரைத் தேறியவர் என்று பெரிய டாக்டர் நாலு பேரிடம் காட்டுவார். எல்லா ரத்தக் கொதிப்பும் பாயுடைய ரத்தக் கொதிப்புதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

டீச்சர் வந்தது பள்ளிக்கூடம் திறந்த ஒரு ஜூன் மாதம். மிஷன் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். வயது முப்பத்தெட்டு இருக்கும். ஒல்லியான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத காட்டன் சேலை, விரல் இடுக்குகளில் எப்போதும் கொஞ்சம் சாக்பீஸ் தூள். பாய்க்கு இருந்ததைவிட அவருக்குப் பாதரசம் மேலே நின்றது. தலைவலி, அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். எல்லாவற்றையும்விட அவரைப் படுத்தியது கால்கள். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் பாதியில் கால் துணி மாதிரித் தொய்ந்துவிடுகிறது என்றார். பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜாடிக் கேள்வியைக் கேட்டார். "மூணு இருக்கு டாக்டர். ஆனா நான் தொடுறதில்ல, அவுக சாப்பிடுவாக" என்றார் டீச்சர். "தொடாம இம்புட்டு ஏறுமா?" என்றார் டாக்டர். வரிசை சிரித்தது. டீச்சர் தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. டாக்டர் டீச்சரின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு ஆபீசில் கிளார்க், சாதுவான மனிதர், டாக்டர் சொல்வது அவருக்கு வேதவாக்கு. டீச்சரை வைத்துக்கொண்டே டாக்டர் அவரிடம், "உங்க வீட்டம்மா பொய் சொல்றாங்க சார். பாத்துக்கிருங்க" என்றார். அந்த மனிதர் அன்று போனதும் உப்புச் சட்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைப் பூணூல் மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டார் என்று டீச்சரே என்னிடம் சொல்லிச் சிரித்தார், அந்தச் சிரிப்பு பார்க்கச் சகிக்கவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டிபன் பாக்ஸில் ஒட்டியிருக்கும் சோற்றை அந்த மனிதர் நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். பதினைந்து வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியவர்கள். ஒரு டாக்டரின் வாய்ச்சொல் அந்த வீட்டில் பெண்டாட்டியைத் திருடியாக்கிவிட்டது.

அடுத்த தடவை வந்தபோது டீச்சரின் கையில் ஒரு மஞ்சள் பை கனத்துத் தொங்கியது. நான் அப்போது ரிப்போர்ட் கொடுக்க உள்ளே போயிருந்தேன். அவர் முறை வந்ததும் உட்காரவில்லை. பையை மேசைமேல் வைத்து வாயைப் பிரித்தார். உள்ளே முழுக்கப் பீங்கான் துண்டுகள். "நீங்க சொன்னதச் செஞ்சுட்டேன் டாக்டர். மூணு ஜாடியையும் ஒடச்சாச்சு. எங்க அம்மா சீதனமாக் கொடுத்தது. நாப்பது நாளா உப்பில்லாத கஞ்சிதான் குடிக்கேன். இன்னும் எத ஒடைக்கணும், சொல்லுங்க" என்றார். குரல் உயரவே இல்லை, பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்குகிற குரலில்தான் சொன்னார். டாக்டர் அட்டெண்டரைப் பார்த்து, "கருவாட்டுச் சட்டிய விட்டுட்டாங்க போல. இதக் கொண்டுபோயிக் கொட்டு" என்றார். அட்டெண்டர் பையைத் தூக்கிக்கொண்டு என் லேப் வழியாகப் போனபோது நான் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

அன்றைக்குத்தான் டீச்சருக்கு நான் முதல் தடவை பொட்டாசியம் பார்த்தேன். டாக்டர் எழுதித் தரவில்லை, பொட்டாசியம் குறைந்தால் தசை தொய்யும், கால் தொய்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு நானாகச் சேர்த்துப் பார்த்தது. எங்களிடம் ஒரு மெஷின் இருந்தது. ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கிற நீரை உறிஞ்சி எரிவாயுச் சுடரில் விட்டால் சுடரின் நிறத்தைப் பார்த்து அது அளவு சொல்லும். டீச்சரின் இடது கையில் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. ரப்பர் ட்யூபைக் கட்டவே வேண்டியிருக்கவில்லை, ஊசியை வைத்ததும் வந்துவிட்டது. முள் இரண்டு புள்ளி மூன்றில் நின்றது. மூன்றரைக்குக் கீழே போனாலே குறைவு. எனக்கு நம்பிக்கை வராமல், அளவு தெரிந்த திரவத்தை விட்டு மெஷினைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி விட்டேன். அதே இரண்டு புள்ளி மூன்று. லெட்ஜரில் எழுதிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன்.

அவர் அந்தத் தாளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்றால் மாத்திரையை நிறுத்த வேண்டும், ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். ஜாடி உடைப்பதை வைத்து அவர் கட்டியிருந்த கச்சேரி முழுக்கக் கலைந்துபோகும். "ஒன் மெஷின் தப்பு. எங் கண்ணு முன்னால மறுபடி எடு, நானே வந்து பாக்கேன்" என்று எழுந்து லேபுக்கே வந்தார். அவர் வந்து நின்றதும் நான் எல்லாருக்கும் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். ட்யூபை இறுக்கிக் கட்டினேன். "கைய நல்லா மூடித் தொறங்க டீச்சர், மூடித் தொறங்க" என்றேன். மதுரையில் எந்த லேபிலும் ஊசி போடுமுன் சொல்கிற வார்த்தை அதுதான். டாக்டர் பக்கத்தில் நிற்கிற பதற்றத்தில் நரம்பு சட்டென்று கிடைக்கவில்லை. டீச்சர் இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே கையை மூடித் திறந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை முள் மூன்று புள்ளி ஆறில் நின்றது. "பாத்தியா" என்றார் டாக்டர். லெட்ஜரை இழுத்துத் தன் பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். முதல் எண்ணை நான்தான் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை பார்த்துச் சரி என்று எனக்குத் தெரிந்த எண் அது. அன்று டீச்சருக்கு மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டானது.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில், வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சரின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நல்லவேளையாக எங்களிடம் கொண்டுவரவில்லை. வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டது பொட்டாசியம் எவ்வளவு என்றுதானாம். பிறகு ஹார்மோன் அளவுகளைப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கெல்லாம் அப்போது வசதி கிடையாது.

இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்கு ஆணையிடுகிற ஹார்மோன் அங்கிருந்து வருகிறது. சிறுநீரகம் தன் பங்குக்கு ஒன்றைச் சுரந்து அந்தச் சுரப்பியைத் தட்டி எழுப்பும். ரத்தக் கொதிப்பு வந்தவர்களில் சிலருக்கு இரண்டுமே ஏறியிருக்கும், சிலருக்கு இரண்டுமே இறங்கியிருக்கும். பாதரசம் எல்லாருக்கும் ஒரே உயரம் காட்டினாலும் உள்ளே நடக்கிற கதை ஆளுக்கு ஆள் வேறு. டீச்சருக்குச் சிறுநீரகம் வாயே திறக்கவில்லை, சுரப்பி மட்டும் தன்னிஷ்டத்துக்குச் சுரந்துகொண்டிருந்தது. சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. அவர் உப்பைத் தின்னாவிட்டாலும் உடம்பு இருக்கிற உப்பை விடாது, பொட்டாசியத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு இன்னும் பொட்டாசியத்தைக் கொட்ட வைக்கிற மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தோம். கட்டியை எடுத்த சில வாரங்களில் அவருடைய ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டது. கால் திரும்பி வந்தது, வலது கை வரவில்லை.

சென்னையிலிருந்து வந்த ரிப்போர்ட்டை டீச்சரின் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து பெரிய டாக்டர் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றார், பாவம். டாக்டர் படித்துவிட்டு, "லட்சத்துல ஒண்ணு சார். இதையெல்லாம் நெனச்சா நான் நாளைக்குப் பத்துப் பேரக்கூடப் பாக்க முடியாது" என்றார். அவ்வளவுதான். அந்தச் சீக்கு அவ்வளவு அபூர்வம் ஒன்றும் இல்லை, தேடாததால்தான் கிடைக்கவில்லை என்று பின்னாளில் டாக்டர்களே எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷம் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் பெரிய டாக்டர் டீச்சரின் கதையைச் சொல்லி, தனக்குச் சந்தேகம் தட்டித்தான் சென்னைக்கு அனுப்பியதாகப் பேசியிருக்கிறார். கேட்டுவிட்டு வந்த ஒருவர் என்னைப் பாராட்டினார், பொட்டாசியம் பார்த்தது நீங்களாமே என்று. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல வேலைக்குப் போனேன். இன்னும் நாலு வருஷம் போனேன்.

அந்த ரிப்போர்ட்டின் கடைசித் தாளில் சென்னை டாக்டரம்மா ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பொட்டாசியத்துக்கு ரத்தம் எடுக்கும்போது ட்யூபைக் கட்டி வைக்கக் கூடாது, கையை மூடித் திறக்கச் சொல்லக் கூடாது, தசை வேலை செய்தால் பொட்டாசியம் ரத்தத்துக்குள் கசிந்து அளவு பொய்யாக ஏறிவிடும் என்று. ஃபைலில் வைக்க என்னிடம் வந்தபோது அதை லேபில் நின்றபடியே படித்தேன். பக்கத்தில் யாரோ ஒருவர் கையை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் சொல்லித்தான் செய்துகொண்டிருந்தார்.

மாதா மாதம் அளவு பார்க்கச் சொல்லியிருந்ததால் டீச்சர் ஒருநாள் என்னிடமே வந்தார். பக்கத்தில் எங்களிடம் மட்டும்தான் அந்த மெஷின் இருந்தது. வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் உள்ளே மடங்கி இறுகிப்போயிருந்தன. இடது கையை நீட்டினார். நான் சொல்லாமலே அதை மூடித் திறக்க ஆரம்பித்தார். "வேணாம் டீச்சர், சும்மா வைங்க" என்றேன். "முன்னாடி நீங்கதான மூடித் தொறக்கச் சொன்னீங்க?" என்று கேட்டார். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முதல் எண், இரண்டாவது எண், சிவப்புப் பேனா, என் கையெழுத்து, எதையும் விடவில்லை. டாக்டர்மேல் பழியைப் போட்டுத்தான் சொன்னேன். அவர் நீட்டினார், நான் என்ன செய்ய என்கிற மாதிரி.

டீச்சர் முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை, அழவும் இல்லை. "ரெண்டு தடவ போட்டு ரெண்டு விடை வந்துச்சுன்னா எங்க பிள்ளைககிட்ட நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? மூணாவது தடவ போட்டுப் பாருன்னு சொல்லுவேன். நீங்க போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரத்தம் எடுத்து முடித்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்க அவருக்கு இன்னொரு கை இல்லை, நான் பிடித்துக்கொண்டேன். ரத்தம் நின்றதும் "வாரேன்" என்று எழுந்து போனார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. திண்டுக்கல்லில் போய்ப் பார்த்துக்கொள்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன், இதற்காக அத்தனை தூரம் பஸ்ஸில்.

மலருக்கு இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள், ஒன்பது பக்கம் வந்துவிட்டது. அச்சில் போட மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் அனுப்பத்தான் போகிறேன். பெரிய டாக்டரைப் பற்றி எழுதக் கேட்டார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் பேனாவை நீட்டியவர் அவர், கோடு போட்டது நான். இப்போது இந்த ஒன்பது பக்கத்தின்மேல் அந்தத் துண்டைத்தான் வைத்திருக்கிறேன். மேலே மின்விசிறி சுற்றுகிறது. ஒரு தாளும் அசையவில்லை.